பிள்ளையின் மெசேஜைப் படிக்கலாமா? ஐந்து வழிகளும் அவற்றின் விலையும்

போன மாதம் மலேசியாவின் பினாங்கு மாநிலத்திலுள்ள பட்டர்வொர்த்தில் தேவார வகுப்பு முடிந்து பிள்ளைகள் வெளியே வரக் காத்திருந்தோம். ஓர் அம்மா தன் கைப்பேசியை என் முன்னால் நீட்டினார். "அக்கா, இந்த ஆப்பைப் போட்டா மகனோட வாட்ஸ்அப் எல்லாம் நம்ம போன்லயே வந்துடுமாம். மாசம் நூறு வெள்ளிக்கு மேல வருது. வாங்கலாமா?" பக்கத்தில் நின்றவர், "எதுக்குக் காசு? லேப்டாப்ல ஸ்கேன் பண்ணா சும்மாவே பாக்கலாம்" என்றார். பேரனுக்காக வந்திருந்த ஒரு பெரியவர், "போனே வாங்கிக் கொடுக்காதீங்கன்னு அப்பவே சொன்னேன்" என்றார். மூன்று பேரும் பிள்ளை மேல் உள்ள பாசத்தில்தான் பேசினார்கள். ஆனால் மூன்று பேரும் சொன்னது மூன்று வெவ்வேறு வழி.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் வேலை செய்கிறேன். அதனால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். எனக்கு இடைநிலைப்பள்ளியில் படிவம் 2 படிக்கும் மகளும் தமிழ்ப்பள்ளியில் ஆண்டு 5 படிக்கும் மகனும் இருக்கிறார்கள். கீழே வரும் ஐந்து வழிகளில் நான்கை நானே செய்து பார்த்திருக்கிறேன். ஒன்றில் பெரிய தப்பும் செய்திருக்கிறேன்.

பெற்றோரின் பயம் வீண் பயம் என்று யாரும் சொல்ல வேண்டாம். யூனிசெஃப், குழந்தைகள் மீதான பாலியல் சுரண்டலை எதிர்க்கும் எக்பாட் அமைப்பு, இன்டர்போல் மூன்றும் சேர்ந்து 2022இல் வெளியிட்ட மலேசிய ஆய்வின்படி, இணையம் பயன்படுத்தும் 12 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் குறைந்தது 4 விழுக்காட்டினர் ஓராண்டுக்குள் இணையவழிப் பாலியல் சுரண்டலுக்கோ வன்கொடுமைக்கோ ஆளாகியிருந்தார்கள். அதாவது 25 பேரில் ஒருவர். கிட்டத்தட்ட வகுப்பறைக்கு ஒருவர். 2024 ஜூலையில் டிக்டாக்கில் ஈஷா என்று நாம் அறிந்த ராஜேஸ்வரி அப்பாஹு இறந்தபோது, இணையப் பகடிவதை (கேலி செய்தும் மிரட்டியும் கொடுமைப்படுத்துவது) என்ன செய்யும் என்பதை நம் சமூகம் கண்ணெதிரே பார்த்தது. அவர் வளர்ந்த பெண். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அதைத் தாங்கும் வலு எங்கே இருக்கும்?

எதை வைத்து அளப்பது

எந்த வழியாக இருந்தாலும் நான் ஐந்து கேள்விகள் கேட்பேன்.

முதல் கேள்வி, அது எந்த ஆபத்தைப் பிடிக்கும்? நாம் "ஆன்லைன் ஆபத்து" என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருப்பதற்குள் குறைந்தது நான்கு இருக்கின்றன: நயமாகப் பேசிப் பழகும் அந்நியர், வகுப்புக் குழுவில் நடக்கும் பகடிவதை, அனுப்பிய படத்தை வைத்து மிரட்டுவது, பண மோசடி. ஒன்றைப் பிடிக்கும் வலை இன்னொன்றைப் பிடிக்காது.

இரண்டாவது, பிள்ளை அதைச் சுற்றிப் போக எத்தனை நாள் ஆகும்? மூன்றாவது, பிள்ளையின் பேச்சும் பிள்ளையோடு பேசும் மற்ற வீட்டுப் பிள்ளைகளின் பேச்சும் யார் கைக்குப் போகின்றன? நான்காவது, உங்களுக்கு அதற்கு நேரம் இருக்கிறதா? காலை ஏழிலிருந்து இரவு ஏழு வரை ஷிஃப்ட் வேலை பார்த்துவிட்டுப் பாலம் தாண்டி வீடு வருபவரால் தினமும் இருநூறு மெசேஜ் படிக்க முடியாது.

ஐந்தாவதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரியது. நாளைக்கு ஏதாவது நடந்துவிட்டால், பிள்ளை உங்களிடம் வந்து சொல்லுமா? இந்த வழி அதற்குக் கதவைத் திறக்கிறதா, சாத்துகிறதா? மற்ற நான்குக்கும் நல்ல பதில் வந்து இதற்கு மட்டும் கெட்ட பதில் வந்தால், நான் அந்த வழியைத் தொட மாட்டேன்.

இன்னொரு விஷயத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் 2016இலிருந்து முழுக்க முழுக்க மறையாக்கம் உண்டு. அனுப்பியவரின் சாதனங்களிலும் பெற்றவரின் சாதனங்களிலும் மட்டும்தான் மெசேஜ் திறக்கும். நடுவில் யாராலும் படிக்க முடியாது. ஆகவே "பிள்ளையின் வாட்ஸ்அப்பைக் காட்டுகிறோம்" என்று சொல்லும் ஆப் பெரும்பாலும் பிள்ளையின் போனுக்குள்ளேயே உட்கார்ந்து திரையையோ வரும் அறிவிப்புகளையோ படிக்கிறது; இல்லாவிட்டால் காப்புப் பிரதியை எடுத்துப் படிக்கிறது. எளிமையாகச் சொன்னால், அது பூட்டை உடைப்பதில்லை. வீட்டுக்குள் ஓர் ஆளைக் குடிவைக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

வழி 1: தெரியாமல் படிப்பது

இதில் இரண்டு வகை. ஒன்று அந்த அம்மா காட்டிய வேவு ஆப். மற்றது வாட்ஸ்அப்பிலேயே இருக்கும் "இணைக்கப்பட்ட சாதனங்கள்" வசதி; ஒரு கணக்கை இன்னும் நான்கு சாதனங்களில் திறந்து வைக்கலாம்.

வேவு ஆப்பை முதலில் எடுத்துக்கொள்வோம். மெசேஜை முழுதாகக் காட்டுவதாகச் சொல்லும் ஆப்கள் பெரும்பாலும் பிளே ஸ்டோரில் கிடைப்பதில்லை. ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஏபிகே என்ற ஆண்ட்ராய்டு ஆப் கோப்பாக இறக்கி, ஆண்ட்ராய்டின் பிளே புரொடெக்ட் பாதுகாப்பை அணைத்து, அக்ஸஸிபிலிட்டி அனுமதியையும் கொடுக்கச் சொல்வார்கள். திரையில் தெரியும் அத்தனையையும் படிக்க விடும் சாவி அது. கல்யாண அழைப்பிதழ் என்று வாட்ஸ்அப்பில் வந்த ஏபிகேயை அமுக்கிவிட்டு வங்கிப் பணத்தைப் பறிகொடுத்தவர்கள் கதை நம் ஊரில் தெரியாதவர் இல்லை. "ஏபிகே எதையும் இறக்காதீங்க" என்று பாட்டிக்குச் சொல்லிக் கொடுக்கும் நாம், பிள்ளையின் போனில் மட்டும் நம் கையாலேயே ஒன்றை இறக்குகிறோம்.

சேரும் தகவல் எங்கே போகிறது? அந்த நிறுவனத்தின் சர்வருக்கு. இத்துறையில் பெயர்பெற்ற எம்ஸ்பை நிறுவனத்தின் தரவு 2015, 2018, 2024 என்று மூன்று முறை கசிந்திருக்கிறது. ஸ்பைஃபோன் என்ற நிறுவனத்தை 2021இல் அமெரிக்காவின் கூட்டரசு வர்த்தக ஆணையம் கண்காணிப்புத் தொழிலிலிருந்தே தடை செய்தது. திரட்டிய தகவலைக் காப்பாற்றி வைக்காததும் அதற்கு ஒரு காரணம். மகளை யாரோ பார்த்துவிடக் கூடாதே என்ற பயத்தில் மகளின் படங்களையும் பேச்சையும் முகம் தெரியாத ஒரு நிறுவனத்திடம் மாதக் கட்டணம் கட்டி ஒப்படைப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

"எல்லாத்தையும் படிக்க வேண்டாம், கெட்ட வார்த்தை வந்தா மட்டும் எச்சரிக்கும்" என்று விற்கப்படும் ஆப்களும் உண்டு. நம் பிள்ளைகள் எழுதும் மொழியைப் பார்த்திருக்கிறீர்களா? தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவார்கள், நடுவில் மலாய்ச் சுருக்கெழுத்து வரும், முடிவில் ஒரு ஸ்டிக்கர். என் மகளின் தோழி ஒருத்தியை வகுப்புக் குழுவில் நாள்தோறும் அழ வைத்தது "கறுப்பி" என்ற ஒரே வார்த்தை, ஒவ்வொரு முறையும் வேறு வேறு எழுத்துக்கூட்டில். அப்புறம் அந்த வார்த்தையும் போய், வெறும் கரிக்கட்டைப் படம் மட்டும் வர ஆரம்பித்தது. ஆங்கிலத்தை மனதில் வைத்துச் செய்த எந்த வடிகட்டி அதைப் பிடிக்கும்?

இனி என் கதை. மகள் படிவம் 1 படிக்கும்போது போனைப் பார்த்துச் சிரிப்பாள், நான் பக்கத்தில் போனால் திரையைக் கவிழ்ப்பாள். ஒரு நாள் இரவு அவள் தூங்கிய பிறகு போனை எடுத்து, என் லேப்டாப்பில் வந்த க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தேன். மூன்று வாரம் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து படித்தேன். இருந்ததெல்லாம் வீட்டுப்பாடம், கொரியப் பாட்டு, ஓர் ஆசிரியருக்கு வைத்த பட்டப்பெயர். அப்புறம் ஒரு தோழி எழுதியது. அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டார், அம்மா இரவெல்லாம் அழுகிறார், யாரிடமும் சொல்லாதே என்று இரவு இரண்டு மணிக்கு என் மகளுக்கு எழுதியிருந்தாள். அந்தப் பெண்ணின் அம்மாவை வாரம் ஒருமுறை சந்தையில் பார்ப்பேன். அதற்குப் பிறகு என்னால் அவர் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. அந்தக் குழந்தை என் மகளை நம்பி எழுதியதைத் திறந்து பார்க்க எனக்கு யார் உரிமை கொடுத்தார்?

நான்காவது வாரம் நான் வேலை முடிந்து வந்தபோது, மகளின் போன் சாப்பாட்டு மேசையில் இருந்தது. "இணைக்கப்பட்ட சாதனங்கள்" பட்டியல் திறந்திருந்தது. என் லேப்டாப்பின் பெயர், கடைசியாகப் பார்த்த நேரம், எல்லாம் அதில் இருந்தன. அவள் அறைக்குள் இருந்தாள். கதவு சாத்தியிருந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்றிலிருந்து அவள் வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் மட்டும்தான். மற்ற பேச்செல்லாம் ஒரு விளையாட்டின் உரையாடல் பகுதிக்குப் போய்விட்டது. ஆறு மாதம் கழித்து, அங்கே பழக்கமான ஓர் ஆள் அவளிடம் படம் கேட்க ஆரம்பித்தபோது, அவள் என்னிடம் வரவில்லை. என் தங்கையிடம் போனாள். சித்தி ஒருத்தி இருந்தது அவள் அதிர்ஷ்டம். மூன்று வாரம் நான் படித்ததில் ஓர் ஆபத்தும் சிக்கவில்லை. உண்மையான ஆபத்து வந்தபோது என் வீட்டுக் கதவு அவளுக்கு மூடியிருந்தது.

அப்படியென்றால் தெரியாமல் பார்ப்பது எப்போதுமே தப்பா? இல்லை. பிள்ளை தன்னையே காயப்படுத்திக்கொள்வதாகத் தெரிகிறது, தெரியாத ஆள் நேரில் சந்திக்கக் கூப்பிடுவதாகச் சந்தேகம் வலுக்கிறது, கேட்டும் பிள்ளை வாய் திறக்கவில்லை என்றால், உயிர்தான் முதலில். போனை எடுத்துப் பாருங்கள். ஆனால் குறிப்பிட்ட ஒரு பயத்துக்காக, தேவையான உரையாடலை மட்டும் பாருங்கள். பார்த்ததை அன்றைக்கே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். அப்போதும் வேவு ஆப் வேண்டாம்.

வழி 2: தெரிந்தே, சேர்ந்து பார்ப்பது

போன் வாங்கும்போதே சொல்லிவிடுவது: "இது உனக்குக் கொடுத்த போன். வாரம் ஒரு நாள் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்." பத்து, பதினொரு, பன்னிரண்டு வயதுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அந்த வயதில் பிள்ளைக்கு எது ஆபத்து என்றே தெரியாது. "உன் படத்தை ஏன் இவருக்கு அனுப்பணும்?" என்று பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறை கேட்டால், பத்து அறிவுரைக்குச் சமம்.

இதன் விலை நேரம். ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் என்றால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அரை மணி நேரம். இரண்டு வாரம் தவறினால் அது விசாரணை மாதிரி ஆகிவிடும், ஏதோ சந்தேகம் வந்தால் மட்டும் நடக்கும் சோதனை என்று பிள்ளை நினைக்கும். இன்னொரு சிக்கல், முன்கூட்டியே அழித்துவிடலாம். மறையும் மெசேஜ், ஒருமுறை மட்டும் திறக்கும் படம் என்று வாட்ஸ்அப்பிலேயே வசதிகள் இருக்கின்றன. பூட்டிய உரையாடலும் உண்டு. அதைப் பிடிக்க நினைத்தால் மறுபடியும் வழி 1க்குத்தான் போவீர்கள்.

மற்ற பிள்ளைகளின் பேச்சு இங்கேயும் நம் கண்ணில் படும். அதற்கு ஒரு நேர்மையான ஏற்பாடு இருக்கிறது: "என் அம்மா பாப்பாங்க" என்று பிள்ளை நண்பர்களிடம் சொல்லிவிடட்டும். என் போனில் நண்பர்களோடு பேசும் என் மகனுக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். அது அவனுக்கு ஒரு கேடயமாகவும் ஆகிவிட்டது. யாராவது வேண்டாததை அனுப்பினால் அம்மா மேல் பழியைப் போட்டுத் தப்பித்துக்கொள்கிறான்.

பதின்மூன்று, பதினான்கு வயதுக்கு மேல் இதைத் தொடர்ந்தால் கைமீறும். மலேசியா 1995இல் ஏற்றுக்கொண்ட ஐநா குழந்தை உரிமை உடன்படிக்கையின் 16ஆவது பிரிவு குழந்தைக்கும் அந்தரங்கம் உண்டு என்கிறது. அந்த உடன்படிக்கைக்கான ஐநா குழு, இணையச் சூழலைப் பற்றி 2021இல் வெளியிட்ட விளக்கத்தில், பெற்றோரின் கண்காணிப்பு அளவோடும் பிள்ளையின் வளர்ச்சிக்கு ஏற்பவும் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. நான் இப்போது மகளிடம் "எல்லாத்தையும் காட்டு" என்று கேட்பதில்லை. "இந்த வாரம் உனக்குப் பிடிக்காத மாதிரி யாராவது பேசினாங்களா, அதை மட்டும் காட்டேன்" என்று கேட்கிறேன். பாதி நாள் ஒன்றும் இருக்காது.

வழி 3: குடும்பக் கட்டுப்பாட்டுக் கருவிகள்

கூகுளின் ஃபேமிலி லிங்க், ஆப்பிளின் ஸ்கிரீன் டைம் இரண்டும் இலவசம், போன் நிறுவனங்களே செய்தவை. எந்த ஆப்பை இறக்கலாம், எத்தனை மணி நேரம், இரவு எத்தனை மணிக்குப் போன் பூட்ட வேண்டும் என்பதையெல்லாம் நம் போனிலிருந்தே வைக்கலாம். மெசேஜின் உள்ளே இருப்பதை இவை நமக்குக் காட்டுவதில்லை. பலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு இதுதான் பிடித்த அம்சம்.

இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட், டிஸ்கார்ட் ஆகியவற்றிலும் பெற்றோர் பிரிவு இருக்கிறது. பிள்ளை அண்மையில் யாரோடு பேசியது என்று காட்டும். என்ன பேசியது என்று காட்டாது. அந்நியரைப் பிடிக்க அந்தப் பட்டியலே பாதி போதும். தெரியாத ஒரு பெயர் ஒரே வாரத்தில் மேலே ஏறி வந்தால், "இது யாரும்மா?" என்று ஒரு கேள்வி கேட்கலாம்.

ஆப்பிளில் இன்னொன்று உண்டு. ஆபாசப் படம் வந்தாலோ அனுப்பப் போனாலோ, போனே அதைக் கண்டுபிடித்து மங்கலாக்கிப் பிள்ளையை எச்சரிக்கும். அந்தச் சோதனை போனுக்குள்ளேயே நடக்கிறது. படம் எங்கேயும் போவதில்லை. ஆனால் அது முக்கியமாக ஆப்பிளின் சொந்த மெசேஜ், ஃபேஸ்டைம் போன்றவற்றுக்கானது. நம் பிள்ளைகள் இருப்பதோ வாட்ஸ்அப்பிலும் தொலைவரியிலும் (டெலிகிராம்).

மறைந்திருக்கும் செலவுகள் இங்கேயும் உண்டு. அம்மா ஆண்ட்ராய்டு, மகள் ஐபோன் என்றால் ஸ்கிரீன் டைமை அம்மாவின் போனிலிருந்து நடத்த முடியாது. அதற்கு ஆப்பிள் சாதனம் வேண்டும். பெரியப்பா கொடுத்த பழைய ஐபோனைப் பிள்ளைக்குக் கொடுக்கும் வீடுகள் இங்கேதான் மாட்டிக்கொள்கின்றன. ஒவ்வொரு புது ஆப்புக்கும் அனுமதி கேட்டு வேலை நேரத்தில் அறிவிப்பு வரும். மூன்றாவது வாரம் சலித்துப்போய்ப் பார்க்காமலே "சரி" என்று அமுக்குவோம். அலமாரியில் கிடக்கும் பழைய போன், கணினியின் பிரௌசர், தோழியின் போன், இவை எதற்கும் இந்தக் கட்டுப்பாடு போய்ச் சேராது. வகுப்புக் குழுவில் நடக்கும் பகடிவதையை இது சுத்தமாகப் பிடிக்காது, ஏனென்றால் அங்கே எல்லாரும் தெரிந்தவர்கள்.

தூக்கத்தை மட்டும் இது நிச்சயமாகக் காப்பாற்றும். இரவு பத்து மணிக்குப் போன் பூட்டினால், இரவு இரண்டு மணிப் பேச்சு கிடையாது. அதற்காகவே நான் வைத்திருக்கிறேன்.

வழி 4: அமைப்பை இறுக்கிவிட்டுப் பேச்சை நம்புவது

கால் மணி நேர வேலை, காசு ஒன்றும் இல்லை, ஆனாலும் பெரும்பாலான வீடுகளில் செய்யப்படாதது இதுதான். வாட்ஸ்அப்பின் அந்தரங்க அமைப்பில் குழுவில் யார் சேர்க்கலாம் என்பதை "எனது தொடர்புகள்" என்று மாற்றுங்கள். முகப்புப் படத்துக்கும் அதே. தெரியாத எண்ணின் அழைப்பு ஒலிக்காமல் செய்யுங்கள். இரண்டு கட்டச் சரிபார்ப்புக்கு ஆறு இலக்க எண் வையுங்கள். தொலைவரியில் போன் எண்ணை யாருக்கும் காட்டாதபடி மாற்றுங்கள், குழுவில் சேர்க்கும் உரிமையையும் தொடர்புகளுக்கு மட்டும் என்று வையுங்கள். தொலைவரியின் சாதாரண உரையாடலுக்கு வாட்ஸ்அப்பில் உள்ள மாதிரி முழு மறையாக்கம் இல்லை என்பதையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள்; "ரகசிய உரையாடல்" என்று தனியாகத் திறந்தால்தான் அது உண்டு.

இதைப் பிள்ளையின் கையால் செய்ய வையுங்கள். நாம் செய்து கொடுத்தால் அது பூட்டு. அவர்களே செய்தால் பழக்கம்.

பேச்சு என்றால் அறிவுரை இல்லை. குறிப்பான வாக்கியங்களைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். விளையாட்டில் பழகிய ஆள் "இங்க வேண்டாம், வேற ஆப்புக்கு வா" என்றால் அது அபாய மணி. "நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்" என்றால் இரண்டாவது மணி. படம் கேட்டால் மூன்றாவது. என் தங்கை என் மகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதில், அந்த ஆள் இந்த மூன்றையும் இதே வரிசையில்தான் செய்திருக்கிறான்.

இன்னொரு வாக்குறுதியும் கொடுக்க வேண்டும், கொடுத்தால் காப்பாற்ற வேண்டும்: "நீ தப்பு செஞ்சிருந்தாலும் சொல்லு, போனைப் பிடுங்க மாட்டேன்." போன் போய்விடும் என்ற பயத்தில்தான் நிறையப் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்கிறார்கள். மிரட்டுபவனும் அதைத்தான் சொல்கிறான், "உங்க அம்மாகிட்ட சொன்னா உனக்குத்தான் அடி" என்று. அவன் சொன்னதை நாம் நிரூபித்துக் காட்டக் கூடாது.

இதன் பலவீனம் வெளிப்படையானது. பிள்ளை சொன்னால்தான் தெரியும். ஏற்கெனவே பேச்சு அறுந்த வீட்டில், அல்லது அப்பாவும் அம்மாவும் எதிரெதிர் ஷிஃப்டில் இருந்து பிள்ளையை வாரக் கடைசியில் மட்டும் பார்க்கும் வீட்டில், இது மட்டும் போதாது. ஒரு சித்தியோ மாமாவோ ஆசிரியரோ, பிள்ளை போய்ச் சொல்லக்கூடிய இன்னொரு பெரியவரை நாமே பெயர் சொல்லிக் காட்டிவைக்க வேண்டும்.

வழி 5: தள்ளிப்போடுவது

தேவார வகுப்பில் அந்தப் பெரியவர் சொன்னது. அவர் சொன்னதில் சத்து இருக்கிறது. வாட்ஸ்அப்பில் சொந்தமாகக் கணக்கு வைத்துக்கொள்ளவே 13 வயது ஆக வேண்டும். 16 வயதுக்குட்பட்டவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கு கூடாது என்ற திட்டத்தை நம் அரசாங்கமும் 2025 நவம்பரில் அறிவித்தது.

ஆனால் நடைமுறையில் வீட்டுப்பாடம் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில்தான் வருகிறது. எனவே என் மகனுக்கு நான் செய்திருப்பது, குழு என் எண்ணில், என் போனில். மாலையில் அவன் என் போனை வாங்கி வீட்டுப்பாடத்தைப் பார்த்துக்கொண்டு திருப்பிக் கொடுப்பான். கூப்பிடுவதற்கு ஒரு பட்டன் போனும் ப்ரீபெய்ட் சிம்மும் போதும். விலை, நான் வீட்டில் இல்லாதபோது அவனுக்கு வீட்டுப்பாடம் தெரியாது. இரவு எட்டு மணிக்கு மேல்தான் எழுத ஆரம்பிப்பான். தோழர்கள் எல்லாம் ஒரு குழுவில் இருக்க, இவன் மட்டும் வெளியே இருக்கும் வருத்தமும் உண்டு. இடைநிலைப்பள்ளிக்குப் போனபின் இது நீடிக்காது. நீடிக்க வைத்தால் தோழனின் போனில் நடக்கும்.

ஒரே பார்வையில்

| வழி | எதைப் பிடிக்கும் | மறைந்திருக்கும் விலை | யாருக்கு |
|---|---|---|---|
| தெரியாமல் படிப்பது | பிள்ளை இடம் மாறும்வரை எல்லாம் கொஞ்சம் | நம்பிக்கை, பிறர் பிள்ளைகளின் ரகசியம், தரவுக் கசிவு | உயிருக்கே ஆபத்து என்ற நிலையில், சில நாள் மட்டும் |
| சேர்ந்து பார்ப்பது | அந்நியர், மோசடி, பகடிவதை | வாராவாரம் நேரம் | 10 முதல் 12 வயது |
| குடும்பக் கருவிகள் | அந்நியர் பெயர், தூக்கக் கேடு, வேண்டாத ஆப் | ஓயாத அறிவிப்புகள், பழைய போன் என்ற ஓட்டை | 11 முதல் 15 வயது |
| அமைப்பும் பேச்சும் | பிள்ளை சொன்னால் நான்கையும் | வருடக்கணக்கான பொறுமை | எல்லா வயதுக்கும், 13க்கு மேல் முதன்மையாக |
| தள்ளிப்போடுவது | பெரும்பாலும் எல்லாம் | வகுப்புக் குழு, தனிமை | ஆண்டு 6 வரை |

ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்று இல்லை. ஆண்டு 5, 6இல் தள்ளிப்போடுங்கள், முடியாவிட்டால் சேர்ந்து பாருங்கள். படிவம் 1இல் போன் கொடுத்தால் கருவிகளும் அமைப்பும். படிவம் 3க்கு மேல் கருவிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திவிட்டுப் பேச்சை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த அம்மாவின் நூறு வெள்ளி ஆப் எந்த வயதிலும் என் பட்டியலில் இல்லை. அவரிடமும் அப்படியே சொன்னேன். அவர் மகனுக்குப் பன்னிரண்டு வயது. ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் போதும்.

ஏதாவது கண்ணில் பட்டுவிட்டால்

எந்த வழியில் தெரிய வந்தாலும், அன்றைய இரவு நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் அடுத்த முறை பிள்ளை வருமா என்பதைத் தீர்மானிக்கும். கத்தாதீர்கள். அந்த ஆளுக்கு நீங்கள் பதில் எழுதாதீர்கள், உடனே தடை செய்யவும் வேண்டாம். முதலில் எண்ணும் பயனர் பெயரும் தேதியும் தெரியும்படி உரையாடலைத் திரைப்பிடிப்பு எடுத்துக்கொள்ளுங்கள். எதையும் அழிக்காதீர்கள். பிள்ளையின் அந்தரங்கப் படம் இருந்தால் அதை மட்டும் நகலெடுக்கவோ "ஆதாரத்துக்கு" என்று உறவினர்களுக்கு அனுப்பவோ கூடாது. அப்படிப்பட்ட படத்தைப் பரப்புவதே சட்டப்படி குற்றம். போனை அப்படியே எடுத்துக்கொண்டு போலீஸ் நிலையத்துக்குப் போங்கள்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம் 2017, 18 வயதுக்குட்பட்ட எல்லாரையும் குழந்தை என்றே கொள்கிறது. தவறான நோக்கத்தோடு குழந்தையை நயமாகப் பேசி வசப்படுத்துவதற்கு அதில் ஐந்தாண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. நேரில் சந்திக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பகடிவதைக்கும் 2025 ஜூலையிலிருந்து தண்டனைச் சட்டத்தில் தனிப் பிரிவுகள் வந்துவிட்டன. யாரிடம் சொல்வது என்று தெரியாவிட்டால் தாலியான் காசிஹ் (Talian Kasih) உதவி எண் 15999, இருபத்து நான்கு மணி நேரமும். பணம் போயிருந்தால் மோசடிப் புகார் எண் 997. படம் வெளியே போய்விடும் என்று மிரட்டினால் "டேக் இட் டவுன்" என்ற இலவசச் சேவை இருக்கிறது. படத்தைப் பதிவேற்றாமல் அதன் கைரேகை போன்ற ஓர் எண்ணை மட்டும் எடுத்து, அதில் சேர்ந்துள்ள தளங்களில் அந்தப் படத்தை நீக்க உதவும்.

என் தங்கைதான் அன்றைக்கு இதையெல்லாம் செய்தாள். நான் தொழிற்சாலையில் இருந்தேன். அவள் கூப்பிட்டு, "அக்கா, கோபப்படாம வா" என்று மட்டும் சொன்னாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை மாலையில் மேசையில் இரண்டு போன்கள் இருக்கும், அவளுடையதும் என்னுடையதும். என்னுடையதையும் வைக்க வேண்டும் என்பது அவள் போட்ட நிபந்தனை. நான் தேநீர் கலக்கிக்கொண்டு வருவதற்குள் அவள் உட்கார்ந்திருப்பாள். சில வாரம் ஏதாவது காட்டுவாள், சில வாரம் கொறித்துக்கொண்டே பள்ளிக் கதை பேசுவாள். ஆனால் போனைக் கையில் எடுத்ததும் முதலில் அவள் திறப்பது, இன்றுவரை, அந்த "இணைக்கப்பட்ட சாதனங்கள்" பட்டியலைத்தான்.